பிரதிவாதிக்கு விலாசம் இல்லை

2007 செப்டம்பரில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து டக்ளஸ் கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. வாதி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ். பிரதிவாதி, கடவுள். வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி, கொள்ளைநோய், பஞ்சம் என்று மக்களை வதைத்துவருகிறார், இனி அப்படிச் செய்யாதபடி நிரந்தரத் தடை விதிக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்கு இவரை விசாரிக்கும் அதிகாரம் உண்டா? அதற்கும் சேம்பர்ஸ் மனுவிலேயே பதில் வைத்திருந்தார். எங்கும் நிறைந்தவர் டக்ளஸ் கவுண்டியிலும் இருக்கத்தானே வேண்டும்!

பத்திரிகைகள் சிரித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. சேம்பர்ஸின் பொதுவாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தால், அது ஒருநாள் கிறுக்கு இல்லை என்று தெரியும்.

1937இல் ஓமாஹா நகரில் பிறந்த கறுப்பினத்தவர் அவர். தபால் துறையில் கொஞ்ச காலம், பிறகு முடிதிருத்தும் கடை. 1966இல் வெளிவந்த ‘எ டைம் ஃபார் பர்னிங்’ ஆவணப்படத்தில் அந்தக் கடை வருகிறது. ஓமாஹாவின் ஒரு வெள்ளையர் தேவாலயப் பாதிரியார், தன் சபையார் சிலர் பக்கத்துக் கறுப்பினச் சபைக் குடும்பங்களோடு வீட்டுக்கு வீடு போய்வரலாம் என்று யோசனை சொல்கிறார். அவ்வளவுதான் அவர் கேட்டது. அவர் ஒருநாள் சேம்பர்ஸின் கடைக்கு வருகிறார். சேம்பர்ஸ் ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே, கை நிற்காமல், குரலும் உயராமல் பேசுகிறார்: நீங்கள் எங்களிடம் கொண்டுவந்து திணித்த எல்லாவற்றையும் போல உங்கள் ஏசுவும் கறைபட்டவர். பாதிரியார் வாயடைத்து நிற்கிறார். பிறகு அந்தச் சிறிய யோசனையைக்கூடச் சபை தாங்கவில்லை. பாதிரியார்தான் பதவியை விட்டுப் போக வேண்டியிருந்தது.

1970இல் வட ஓமாஹாவின் 11ஆம் தொகுதியில் சேம்பர்ஸ் ஜெயித்தார். நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் ஒரே அவைதான், உறுப்பினர்கள் 49 பேர், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. மற்றவர்கள் கோட்டும் டையுமாக வரும் அவைக்கு இவர் சாதாரண பனியன் சட்டையில் வருவார். தொகுதி அவரை விடவே இல்லை. 1974இல் ஆளுநர் பதவிக்கும் 1988இல் அமெரிக்க செனட்டுக்கும் நின்று பார்த்தார், எடுபடவில்லை. 2000இல் மாநில வாக்காளர்கள், ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்று விதி கொண்டுவந்தார்கள். குறி சேம்பர்ஸ்தான் என்று பலரும் பேசினார்கள். 2009 தொடக்கத்தில் வெளியேறினார். ஒரு தவணை காத்திருந்து, 2012இல் பதவியில் இருந்தவரையே தோற்கடித்துத் திரும்பினார். 2016இல் மறுபடியும். 2021இல் விடைபெறும்போது மொத்தம் 46 ஆண்டுகள். அந்த மாநிலத்தில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு யாருமில்லை.

இந்தக் காலம் முழுக்க அவரை உறுத்திய கேள்வி ஒன்று உண்டு. அரசு கடவுளைக் கூப்பிடுகிறதே, மனதாரத்தான் கூப்பிடுகிறதா?

அவையின் ஒவ்வொரு நாளும் பிரார்த்தனையோடு தொடங்கும். 1965 முதல் ஒரே பிரெஸ்பிட்டேரியன் போதகர் அதை நடத்திவந்தார். மாதச் சம்பளம் 319 டாலர் 75 சென்ட், அரசுப் பணம். சேம்பர்ஸ் வழக்குப் போட்டார். வேறொரு உறுப்பினரின் புகாருக்குப் பிறகு போதகர் கிறிஸ்துவின் பெயரைப் பிரார்த்தனையிலிருந்து எடுத்துவிட்டார். 1983இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பிரார்த்தனைக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. முதல் நாடாளுமன்றமே 1789இல் சம்பளத்துக்குப் போதகர் வைத்தது, இது நாட்டின் நீண்ட வழக்கம் என்பதுதான் காரணம். இதற்கு யார் வருத்தப்பட வேண்டும், நாத்திகரா பக்தரா? பக்தர் என்றே தோன்றுகிறது. கிறிஸ்துவின் பெயரைக் கழித்து, பழக்கம் என்று பெயர் சூட்டிய பிறகு அந்தப் பிரார்த்தனையில் யாரைக் கூப்பிடுகிறார்கள்?

மரண தண்டனை விவகாரத்திலும் அவர் விடாக்கண்டர். ஒழிப்பு மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். விவிலிய வசனங்களை அவையிலேயே எடுத்து வீசுவார். 1979இல் நிறைவேறியதை ஆளுநர் ரத்து செய்தார். 2015இல் ஆளுநரின் மறுப்பையும் மீறி 30-19 என்று மசோதா நிறைவேறியது. அடுத்த ஆண்டே பொதுவாக்கெடுப்பில் மக்கள் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கடவுள் வழக்குக்கு வருவோம். நீதிமன்றக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று காட்டவே போட்டேன் என்றார் அவர். 2008 அக்டோபரில் வழக்கு தள்ளுபடியானது. பிரதிவாதிக்கு விலாசம் இல்லை, சம்மன் சார்வு செய்ய வழியில்லை. தபால் துறையில் இருந்தவருக்கு இந்தச் சிக்கல் புரியாமலா இருக்கும்? ஆனாலும் மடக்கினார்: கடவுள் இருப்பதை இந்த நீதிமன்றமே ஏற்கிறது, அப்படியானால் அவர் எல்லாம் அறிந்தவர், வழக்குப் போட்டது அவருக்குத் தெரியும், தனியாகச் சம்மன் எதற்கு?

நம் ஊர் நீதிமன்றமாக இருந்தால், எந்தக் கோயில் சாமி என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். இங்கே சாமிக்குச் சர்வே எண் உண்டு, பட்டா உண்டு, வழக்காடும் உரிமையும் உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் சுந்தரர்மேல் ஓலையோடு வழக்காடியவரே சிவன்தான். களவுபோன பத்தூர் நடராஜருக்காகக் கோயிலின் பெயரில் லண்டனில் வழக்கு நடந்து, 1991இல் மேல்முறையீட்டிலும் கோயிலே ஜெயித்தது. நம் கடவுளுக்கு இருப்பது சொத்து. சொத்து இருப்பதால் விலாசம். நெப்ராஸ்காக் கடவுளுக்குச் சொத்து இல்லை, பெயர் மட்டும்தான். அந்தப் பெயரை அரசு எடுத்துக்கொள்கிறது, பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் சேம்பர்ஸின் வாதம்.

அவர் மேல்முறையீடு செய்தார். 2009 பிப்ரவரியில் அதுவும் தள்ளுபடி. நிஜமான தகராறுகளைத்தான் நீதிமன்றம் தீர்க்கும், கற்பனைச் சூழலில் எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது என்றார்கள். மாநிலத் தலைநகர் லிங்கனிலோ, சட்டமன்றம் அப்போதும் பிரார்த்தனையோடுதான் கூடிக்கொண்டிருந்தது.