மணமேடையும் மனைப்பத்திரமும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். ஒன்றைத் தனியாகத் தொட்டாலே ஆள் தளர்ந்து போவான் என்பதற்கான எச்சரிக்கை அது. இரண்டையும் ஒரே ஆண்டில், ஒரே வருவாயில், ஒரே தலையில் சுமந்து நிற்கும் இளைஞரைக் கண்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

அப்படி ஒரு தோழர் அண்மையில் நம்மிடம் வந்தார். ஒரு கையில் மணவிழா அழைப்பிதழின் கையெழுத்துப் படி. மற்றொரு கையில் சுண்ணாம்பும் சிமெண்டும் படிந்த வீட்டு வரைபடம். மணவிழாவுக்கு நாம் தலைமை ஏற்க வேண்டும் என்றார். மகிழ்ந்தோம். புரோகிதர் இல்லை, ஓமப் புகை இல்லை, இராகு காலம் எமகண்டம் எதுவும் பார்க்கவில்லை, வரதட்சணையாக ஒரு காசும் கைநீட்டி வாங்கவில்லை என்றார். இன்னும் மகிழ்ந்தோம். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐயா, ஒரு குற்றம் நிகழ்ந்துவிட்டது” என்றார். என்னவோ ஏதோவென்று பதறினோம். வாசற்கால் நிறுத்திய அன்று அவருடைய அன்னையார் நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, தேங்காய் ஒன்றையும் உடைத்துவிட்டாராம். தடுக்க மனம் வரவில்லையாம். கொள்கை கறைபட்டதோ என்று மூன்று நாளாக உறக்கமில்லையாம்.

பகுத்தறிவு பேசும் இளைஞர்கள் பலருக்கும் உள்ள உறுத்தல் இது. விட்டுக் கொடுப்பதற்கு எல்லை எது? எந்த இடத்தில் வளைந்தால் அன்பு? எந்த இடத்தில் வளைந்தால் கோழைத்தனம்?

மணமேடையைப் பொறுத்தவரை நமக்குக் குழப்பமில்லை. அங்கே வழி வெட்டப்பட்டுவிட்டது, எளிதாக வெட்டப்பட்டதன்று. சடங்கில்லா மணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மணந்து, மக்களைப் பெற்று, வாழ்ந்து கொண்டிருந்த குடும்பங்களின் நிலை என்ன ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ஆம் ஆண்டில் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. உற்றார் உறவினர் நண்பர் முன்னிலையில், ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும். அதற்கு முன் நடந்த அத்தகைய மணங்களும் செல்லும் என்றது அந்தப் பிரிவு. ஊரறிய விழா எடுத்தால்தான் அம்மணம் செல்லும் என்று கருதத் தேவையில்லை என உச்சநீதிமன்றமும் 2023இல் தெளிவுபடுத்தியது. ஆகவே மேடையில் நிமிர்ந்து நிற்பதற்கு இன்றைய இளைஞருக்குத் தேவை சிறு துணிவு. பெருந்துணிவை அவருக்கு முன்னே சென்றவர்கள் செலவிட்டுவிட்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கிச் செல்கிறார்களே இருவரும், அந்த வீடுதான் நம் கவலை.

அன்னையின் மஞ்சளைப் பற்றி முதலில் சொல்லி விடுவோம். அது நிலையில் பூசப்பட்டது. மகனின் மூளையில் பூசப்படவில்லை. அந்த அம்மையார், தம் பிள்ளை வெயிலில் நின்று கட்டும் வீடு நிலைக்க வேண்டுமே என்னும் ஆசையைத் தமக்குத் தெரிந்த மொழியில் சொன்னார். அவருக்கு வேறு மொழி கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை நமக்குண்டு. அதை அன்று காலையில், கொத்தனார் நிலையைத் தூக்கிப் பிடித்து நிற்கும் நேரத்தில்தான் தொடங்க வேண்டுமா? ஒரு மழையில் கழுவப்படும் மஞ்சளுக்காகத் தோழர் மூன்று நாள் தூக்கத்தை இழந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் விரித்து வைத்த வரைபடத்தைப் பார்த்த போதுதான், தூக்கம் இழக்கத் தக்க செய்திகள் தென்பட்டன.

படுக்கையறையின் அகலம் 12 அடி என்று முதலில் எழுதி, அதை அடித்து 11 ஆக்கியிருந்தது. ஏனென்று கேட்டோம். மனையடி சாத்திரப்படி 12 ஆகாதாம், 11 நல்லதாம். வரைந்து தந்தவரே அப்படித் திருத்தினாராம். “ஓர் அடிதானே என்று விட்டுவிட்டேன்” என்றார். வாஸ்து புருஷன் என்றொருவர் பூமிக்கடியில் படுத்திருக்கிறாராம்; ஆண்டில் 8 நாள் மட்டும், அதுவும் நாளொன்றுக்கு மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம் விழிப்பாராம். எஞ்சிய காலமெல்லாம் உறங்குபவர், உழைத்துச் சேர்த்த காசில் கட்டும் அறையிலே ஓர் அடியைப் பறித்துக்கொண்டு போகிறார்! அந்த அறையில் நாளைக்குத் தொட்டில் கட்ட வேண்டும், அலமாரி வைக்க வேண்டும், படிக்க ஒரு மேசை போட வேண்டும். மழை கழுவிவிட முடியாத மஞ்சள் இதுதான். (சிமெண்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்பதையும் இங்கேயே சொல்லி வைப்போம். காங்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாள் கணக்கில் மதிப்பிடுவது பொறியாளர் வழக்கம். புதுமனை புகுவதற்கு நாள் குறித்துவிட்டோம் என்று அவசரப்பட்டு முட்டுகளைப் பிரிப்பவர்கள், தலைக்கு மேலே எதைத் தொங்க விடுகிறோம் என்பதை அறிவதில்லை.)

சமையலறையைப் பார்த்தோம். தென்கிழக்கு மூலை, அதுவும் சாத்திரத்தின் ஆணை. அதைக்கூட விட்டுவிடலாம், வெளிச்சமும் காற்றும் கிடைத்தால் எந்த மூலையானால் என்ன? ஆனால் ஜன்னல் எங்கே என்று தேடினோம். கையகலத்தில் ஒரு புகைபோக்கித் துளை இருந்தது. முன்வாசலுக்குத் தேக்குக் கதவு, அதில் சித்திர வேலை. கூடத்துக்கு ஜிப்சம் கூரை, அதற்குள் மறைந்து ஒளிரும் விளக்குகள். மணநாளன்று வருவோர் வியக்க வேண்டுமே! அடுப்படியில் வேகப் போகிறவருக்கு ஒரு பலகணி இல்லை. விருந்தினர் ஒரு நாள் பார்க்கும் சுவருக்கு வண்ணம் தேடி ஐந்து கடை ஏறி இறங்கியவர்கள், அன்றாடம் ஆறு மணி நேரம் ஒருவர் நிற்கப் போகும் மேடையின் உயரத்தை யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? மேஸ்திரியைக் கேட்டார்களாம்!

“மணமகளைக் கேட்கவில்லையா?” என்றோம்.

“அவரும் சம்மதித்தார் ஐயா. அவர் துணையில்லாமல் இந்த வீடே எழும்பியிராது” என்றார் தோழர், பெருமையோடு. தளம் போடும் வேளையில் பணம் தட்டியதாம். மணமகள் ஆசிரியைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்த தொகையை எடுத்துக் கொடுத்தாராம்; போதாமற்போகவே தம் நகைகளையும் வங்கியில் அடகு வைத்தாராம். அந்தப் பணம் கம்பியாயிற்று, ஜல்லியாயிற்று, சிமெண்டாயிற்று. தளமாகித் தலைக்கு மேலே நிற்கிறது.

மனைப்பத்திரம் யார் பெயரில் என்று கேட்டோம். அவர் பெயரில். வங்கிக் கடன்? அதுவும் அவர் பெயரில். மணம் முடிந்ததும் இருவர் சம்பளத்திலும் தவணை கட்டுவார்களாம்.

ஐயமற்ற முகத்தோடு இதைச் சொன்னார் அந்தத் தோழர். தேங்காய்க்காக மூன்று நாள் உறங்காதவர், இதற்காக ஒரு நாழிகையும் விழித்திருக்கவில்லை. நாம் அவரைக் கேட்டோம்: பெண் வீட்டு நகை, பெட்டியிலே வந்தால் வரதட்சணை, கம்பியாகவும் சிமெண்டாகவும் உருமாறி வந்தால் காதலா? மணமகள் அல்லாத ஒருவர் கைக்குப் போன வரதட்சணையை மூன்று மாதத்திற்குள் அவளிடமே ஒப்படைக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு கூறுகிறது. மனமுவந்து தந்தது வரதட்சணை ஆகாது என்று வழக்கறிஞர் வாதிடக்கூடும்; இருக்கட்டும். தளத்தைப் பெயர்த்து யார் எப்படி ஒப்படைப்பது? நாளை மனம் முறிந்தால், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவர் கோரலாம். குடியிருக்கும் உரிமை வேறு, உடைமை வேறு. திருமணம் ஆயிற்று என்பதாலேயே கணவன் பெயரிலுள்ள வீட்டில் மனைவிக்குப் பாதி சொந்தம் என்று சொல்லும் சட்டம் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களுக்கு இல்லை. பத்திரத்தில் பெயர் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. பிறந்த வீட்டுச் சொத்தில் அந்த உரிமை தமிழ்நாட்டில் 1989இல் சட்டமாயிற்று. நாடு முழுமைக்கும் 2005இல் ஆயிற்று. அறுபது ஆண்டு, எழுபத்தாறு ஆண்டு! அப்பன் சொத்தில் பங்கு தரச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வேண்டியிருந்தன. தன் உழைப்பால் எழும்பிய வீட்டில் அவளுக்குப் பெயர் தர, மாப்பிள்ளையின் கையெழுத்து ஒன்று போதுமே. அதை எந்தப் புரோகிதர் தடுத்தார்? எந்த அன்னை கண்ணீர் வடித்தார்? நிலையில் மஞ்சள் ஏறியதற்கு அன்னையின் ஆசை காரணம். பத்திரத்தில் பெயர் ஏறாததற்குக் காரணம் சொல்ல ஒருவரும் இல்லை. வற்புறுத்துவார் எவருமின்றி, தானாக, இயல்பாக, ஆதாயம் தன் பக்கம் சாய்வதைக்கூட உணராமல் செய்யப்பட்டது அது.

தோழர் தலை குனிந்திருந்தார். நமக்கும் அதற்கு மேல் பேச நா எழவில்லை. காரணம் உண்டு. அவர் போன பிறகு நம் வீட்டு அலமாரியைத் திறந்து, முப்பது ஆண்டுக்கு முந்தைய பத்திரத்தை எடுத்தோம். நமக்குத் தெரிந்ததுதான், இருந்தும் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே பெயர், நம் பெயர். இந்த வீட்டின் கிணற்றையும் மாடிப்படியையும் கட்டியது துணைவியாரின் சம்பளம். அவரிடம் பத்திரத்தைக் காட்டினோம். படித்துவிட்டு, “பெண்ணுரிமைக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் உங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேனே, அப்போதெல்லாம் இதை நினைத்தீர்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்போம். சிரித்துக்கொண்டு கேட்டார்.

மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். குடும்பத்தாருக்குள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்திற்குக் கட்டணம் விற்பனைப் பத்திரத்தைவிடப் பெரிதும் குறைவு. நம் பாதியை எழுதக் கொடுத்துவிட்டோம். தோழருக்கும் செய்தி அனுப்பினோம்: மணம் முடிந்து பதிவும் ஆன பிறகு எழுதினால் இந்தச் சலுகை அவருக்கும் கிடைக்கும், வீடு அடமானத்தில் இருப்பதால் வங்கியின் இசைவையும் முன்கூட்டிக் கேட்டு வைக்க வேண்டும், அடுப்படிச் சுவர் இன்னும் பூசப்படவில்லை என்றாரே, பூசுமுன் ஜன்னலுக்கு இடம் உடைத்து விடலாம் என்று.

ஜன்னலுக்கு மூன்றடி அகலம் வேண்டும் என்று மணமகள் சொல்லிவிட்டாராம். வங்கியில் மனு கொடுத்திருப்பதாகத் தோழரிடமிருந்து தகவல். அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. நம் பெயர் தலைமை என்று போட்டிருக்கிறது. உரையை எழுதி முடித்துவிட்டோம். “வரதட்சணை வாங்காத மணமகன்” என்று எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.