அடகுப் போர்வை



மார்கழி பிறந்துவிட்டது. காலைப் பூசைக்கு வருகிறவர்கள் வழிநெடுகப் புல்தரை வெள்ளையாய் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைக்குந்தாப் பக்கம் சில இரவுகளில் தண்ணீரே உறைகிறது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கை. தகரக் கூரையின் கீழ்க் கைக்குழந்தையோடு படுத்திருக்கிறவர்களுக்கு அப்படியல்ல. ஆகையால் இந்த வாரம் உங்கள் மனச்சாட்சியின் முன் ஒரு கேள்வியை வைக்கிறேன். எனக்கு நியாயமாய் வரவேண்டிய ஒன்றை, கடுங்குளிரிலும் கேட்டு வாங்க எனக்கு உரிமை உண்டா?

யாத்திராகமம் 22-ம் அதிகாரத்தில் மோயீசன் வழியாய்ச் சர்வேசுரன் ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார். ஏழை ஒருவனுடைய மேற்போர்வையை நீ அடகு வாங்கினால், பொழுது சாயுமுன் அதை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரவில் அவன் போர்த்திக்கொள்ள வேறு இல்லை. ஜெருசலேம் மலைமேல் உள்ள ஊர். அங்கே குளிர்கால இரவு எப்படிப்பட்டதென்று மலைவாசிகளாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கட்டளையைச் சற்று உற்றுக் கவனியுங்கள். கடன் தள்ளுபடியாயிற்று என்று அது சொல்லவில்லை. கடன் கொடுத்தவன் அநியாயக்காரன் என்றும் சொல்லவில்லை. பகலில் அடகு அவன் கையில் இருக்கலாம், இராத்திரி மட்டும் கூடாது. இரக்கமுள்ளவன் மனமிருந்தால் செய்யட்டும் என்று விடாமல், இதைச் சட்டமாகவே வைத்தார். தர்மம் செய்யாதவனைக் கருமி என்கிறோம், அவ்வளவுதான். சட்டத்தை மீறினவனோ நீதிக்கு விரோதமாய் நடந்தவன். குளிர் இரவில் போர்வையைத் திருப்பிக் கொடுப்பது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உயிர்போகும் அவசியத்தில் இருக்கிறவன் பிறன் பொருளை எடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டால் அது களவாகாது என்று அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் போதித்ததும் இந்த வழியில்தான்.

காரணமும் தெளிவு. கடன் தவணைக்குக் காத்திருக்கும், உடம்பின் சூடு காத்திராது. 37 டிகிரி இருக்கவேண்டிய சூடு 35-க்குக் கீழே இறங்கினால் புத்தி தடுமாறும். பிறகு உயிருக்கே மோசம். பச்சைக் குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் இது சீக்கிரம் நேரும். (போர்வை போதாதவர்கள் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு வாசனையே இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.)

1954-ம் ஆண்டு கடுங்குளிரில் பாரீஸ் நகரத்துத் தெரு ஒன்றில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பெண் உறைந்து செத்தாள். வீட்டைவிட்டு அவளை வெளியேற்றின கடிதம் அவள் கையில் இருந்தது. பிப்ரவரி 1-ந் தேதி ஆபே பியேர் என்ற குருவானவர் இதை வானொலியில் சொன்னபோது பிரான்சு தேசமே கலங்கிற்று. அவர் பெண்களிடம் தகாதபடி நடந்ததாக 2024-ல் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. அவர் நிறுவின எம்மாவுஸ் இயக்கமே அவற்றை வெளியிட்டது. ஆகையால் அவரை முன்மாதிரியாக நான் காட்டவில்லை. ஆனால் அந்தப் பெண் செத்தது மெய். 1956 டிசம்பரில் அந்நாட்டில் குளிர்காலத்தில் குடியிருப்பவர்களை வெளியேற்றக்கூடாது என்று சட்டம் வந்தது. இன்று அது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை செல்லும். வாடகைப் பாக்கி பாக்கியாகவே இருக்கும். வெளியேற்றுவது மட்டும் நிற்கும். மோயீசனுடைய ஏற்பாடும் இதுதானே?

“சாமி, நானும் கடன் வாங்கித்தான் வீடு கட்டினேன். வாடகை வராவிட்டால் வங்கிக்கு யார் கட்டுவது?” என்று வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அவர் சுமையை அவர் தலையிலேயே விட்டுவிட்டுப் பிரசங்கம் மட்டும் செய்ய எனக்கு வெட்கமாயிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் தயங்காமல் என்னிடம் வந்து சொல்லுங்கள். தை, மாசி மாதங்களுக்கு நம் வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு பகுதியாவது கொடுக்க இசைந்திருக்கிறார்கள்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். கோவிலுக்குச் சொந்தமான வீடு ஒன்றில் ஐந்து மாத வாடகை நின்றுவிட்டது. இம்மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி கார்த்திகையில் நானே கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினேன். கணக்குப்படி அதில் தவறில்லை. சென்ற வியாழன் மாலை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போனேன். ஜன்னல் இடுக்கில் காற்று வராதபடி அந்த அம்மாள் கடிதத்தை மடித்துச் செருகி வைத்திருந்தார். பாக்கி கணக்கில் அப்படியே இருக்கிறது, பங்குனியில் பேசிக்கொள்வோம். ஜன்னலைச் சரிசெய்யத் தச்சர் திங்கட்கிழமை வருகிறார்.