முன்பணம் யாருடைய பணம்?

ஒரு பொருள் ஒருவர் கையில் இருப்பது வேறு. அஃது அவருக்கு உரிமையாய் இருப்பது வேறு. இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்திலேதான் அநீதிகள் பல பிறக்கின்றன. திருடுகின்றவனுக்குத் தான் செய்வது பாவம் என்பது தெரியும். பிறர் பொருளை நெடுநாள் கையில் வைத்திருந்து, அதனைத் தன் பொருளென்றே எண்ணப் பழகிவிட்டவனுக்கோ அவ்வெண்ணம் எழுவதே இல்லை. தொழுகையும் நோன்பும் தவறாத நல்லோரும் இவ்விடத்தில் சறுக்குவதுண்டு. குடியிருப்போரிடம் வீட்டுக்காரர்கள் வாங்கிவைக்கும் முன்பணம், மக்கள் வழக்கில் 'அட்வான்ஸ்' எனப்படுவது, இதற்குத் தக்க சான்றாகும்.

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது நீண்டநாள் வழக்கம். மாத வாடகை 12,000 ரூபாய் எனின் முன்பணம் 1,20,000 ரூபாய் ஆகிறது. காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ பிழைப்பு நாடி மண்ணடிக்கு வரும் ஓர் இளைஞர், மனைவியின் நகையை விற்றும் உறவினரிடம் கைமாற்று வாங்கியும் இத்தொகையைத் திரட்டுகின்றார். வீட்டைக் காலி செய்யும் நாளில், "அடுத்த குடித்தனக்காரர் வரட்டும், அவர் தரும் பணத்தில் தருகிறேன்" என்கிறார் ஒரு வீட்டுக்காரர். "வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டேன்" என்கிறார் மற்றொருவர். இப்படிச் சொல்வோரில் பலர் தீயவர் அல்லர். தம் கையிலுள்ள பணம் எத்தன்மையது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவே.

ஷரீஅத்தின் நோக்கில் இஃது யாது? வாடகையன்று, வாடகை தனியே மாதந்தோறும் கொடுக்கப்படுகிறது. அன்பளிப்பன்று, திரும்பப் பெறும் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. அமானிதம் எனின், கொடுத்த பணத்தை அப்படியே பாதுகாத்தல் வேண்டும். அதில் ஒரு காசும் செலவிடலாகாது. அடைமானம் எனின், அதனை வைத்திருப்பவர் காவலரேயன்றி உரிமையாளர் ஆகார். செலவிடும் உரிமையோடு பெற்றுக்கொண்டது எனின், அது கடன். கையில் இருந்தாலும் கரைந்தாலும் அதனைத் தீர்த்தே ஆகவேண்டும். நடைமுறையில் வீட்டுக்காரர்கள் முன்பணத்தைத் தம் பணத்தோடு கலந்து செலவிடுகின்றனர். குடியிருப்போரும் அதனை அறிவர். ஆதலின், பெயர் எதுவாயினும் பொருளளவில் அது கடனே என்பது நமது துணிபு. மூன்றில் எந்தப் பெயரை இட்டாலும் வீட்டுக்காரரின் சொத்து என்னும் பெயர் மட்டும் அதற்குப் பொருந்தாது.

ஜகாத் கணக்கிடும் நாளில், "இது நான் திருப்பித் தரவேண்டிய கடன்" என்று இதே தொகையைக் கழித்துக்கொள்வோர் உளர். கழிக்கும்போது கடனாயிருந்தது, கொடுக்கும்போது மட்டும் சொந்தப் பணமாவது எங்ஙனம்?

இவ்விடத்து ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுகூரத் தக்கது. இதனை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். மக்கள் தம் பொருளை அமானிதமாக வைக்க அவர்களிடம் கொண்டுவருவர். அவர்களோ அதனை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே ஏற்பார்கள். காரணம் யாது? அமானிதம் காவலரின் குற்றமின்றித் தொலைந்துபோனால் அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் அல்லர்; இழப்பு பொருளுக்குரியவரையே சாரும். கடனாயின் இழப்பு வாங்கியவரைச் சாரும். பிறர் பொருள் அழிந்துவிடலாகாதே என்று அஞ்சி, சுமையைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டார்கள் அப்பெருமகனார். ஹிஜ்ரி 36இல் அவர்கள் கொல்லப்பட்டபோது இவ்வாறு சேர்ந்த கடன் 22 இலட்சமாக இருந்தது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் நிலத்தை விற்றுக் கடனைத் தீர்த்தார்கள். அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், தந்தைக்குக் கடன் கொடுத்தோர் வரலாம் என்று அறிவித்துவிட்டே எஞ்சியதை வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள்.

இதனோடு நம் வழக்கத்தை ஒப்பிட்டால் நாணமே மிகும். பிறர் பணத்தைச் செலவிடும் உரிமையைக் கடனாளியைப் போல எடுத்துக்கொள்கிறோம். திருப்பிக் கொடுக்கும் நாளில் மட்டும் கடனாளியின் பொறுப்பை உதறுகிறோம். அடுத்த குடித்தனக்காரர் வருவதும் வாராததும் வெளியேறுகின்றவரின் உரிமையோடு எவ்விதத் தொடர்பும் அற்றவை. வசதியுள்ளவர் கடனைத் தீர்க்காமல் காலங்கடத்துவதை அநீதி என்றே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்கள். உண்மையிலேயே வழியற்ற கடனாளிக்குத் தவணை கொடுக்குமாறு திருமறை (2:280) பணிப்பது மெய்யே. அத்தகையவர் தம் நிலையை முன்கூட்டியே சொல்லி, நாள் குறித்து, எழுதிக் கொடுக்கட்டும். வரும் பணத்தை வேறு செலவுக்கெல்லாம் கண்டுபிடிப்பவர் அத்தவணையைக் கோரலாகாது.

இனி வெள்ளையடிக்கும் செலவுக்கு வருவோம். இஜாரா எனும் வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் வீட்டுக்கு அமானிதக் காவலர் என்பது ஃபிக்ஹு நூல்களின் முடிவு. அத்துமீறலாலோ அசட்டையாலோ விளைந்த சேதத்திற்கு அவர் பொறுப்பாளி. முறையாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்திற்கு அல்லர். சுவர் மங்குவது காலத்தின் வேலை. அதற்குரிய விலையே வாடகை. வாடகையையும் பெற்றுத் தேய்மானத்தையும் பிடித்துக்கொள்வது ஒரு பொருளுக்கு இருமுறை விலை பெறுவதாகும். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பெற்று 2019இல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய சட்டமும் இதனோடு ஒத்திருக்கக் காண்கிறோம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தலும் கதவு, சன்னல்களுக்கு வண்ணம் பூசுதலும் உரிமையாளரின் பொறுப்பு. குழாய், மின்விசைப் பொத்தான் போன்றவற்றின் சிறு பழுதுகள் குடியிருப்பவரின் பொறுப்பு. வேறு உடன்பாடு இல்லையெனின் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், வீட்டை விட்ட ஒரு மாதத்திற்குள் நியாயமான பாக்கிகளை மட்டும் கழித்துத் திருப்பித் தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. முந்திய 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதையே தடுத்திருந்தது. பத்து மாத வழக்கம் அதற்கும் அடங்கவில்லை. உள்ளத்தில் அச்சம் இல்லாதவிடத்து ஏட்டிலுள்ள சட்டம் தூங்கிவிடும் என்பதற்கு இதுவே சான்று.

நீதி ஒருபக்கச் சரக்கன்று. குடியிருப்போரில் சிலர், பணம் திரும்பாது என்று அஞ்சிக் கடைசி மூன்று மாத வாடகையைத் தாமே நிறுத்திக்கொள்கின்றனர். இது கூடுமா என்று நம்மிடம் வினவுவோர் பலர். மறுக்கப்பட்ட உரிமையை, மறுத்தவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. அபூஸுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதைக் கணவரின் பொருளிலிருந்து முறைப்படி எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் இசைந்ததே அதற்கு ஆதாரம். ஆயின், அங்கே மறுப்பு நிகழ்ந்திருந்தது. இங்கே மறுப்பார் என்னும் ஐயமே உள்ளது. ஐயத்தைக் கொண்டு ஒப்பந்தத்தை முறித்தல் தகாது. வீட்டுக்காரர் இசைந்தால் கழித்துக்கொள்வதில் குற்றமில்லை. இசையாவிடின் வாடகையைக் கொடுத்துவிட்டே உரிமையைக் கேட்டல் வேண்டும்.

அங்ஙனம் கேட்பதற்கு வலுத் தருவது எழுத்து. கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கட்டளையிடுகிறது. எழுதக் கேட்பது நம்பிக்கையின்மை என்று நாம் கூசுகிறோம். நட்பைக் காப்பதே எழுத்துத்தான். முன்பணத்தை வங்கி வழியே செலுத்துக. ரொக்கமாயின் ரசீது பெறுக. ஒப்பந்தத்தை எழுதி, சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்க. குடிபுகும் நாளிலும் வெளியேறும் நாளிலும் வீட்டின் நிலையை இருவரும் கூடிப் பார்த்துப் படம் எடுத்து வைக்க. காலி செய்யும் எண்ணத்தை ஒப்பந்தத்தில் கண்ட காலத்திற்கு முன்னரே எழுத்தில் தெரிவிக்க. மின்கட்டணம் தீர்த்த சான்றோடு சாவியை ஒப்படைத்துக் கையொப்பம் பெறுக. கழிவு ஏதேனும் சொல்லப்பட்டால் அதற்குரிய செலவுச் சீட்டைக் கேட்க. அதன் பின்னரும் பணம் வாராவிடின், எழுத்தில் கேட்டு, மஹல்லாப் பெரியவர்களை நடுவராக வைத்துப் பேசி, அதற்கும் இணங்காவிடின் வாடகை நீதிமன்றத்தை நாடுவதில் வெட்கம் ஏதும் இல்லை. உரிமையைக் கேட்பவன் சண்டைக்காரன் அல்லன்.

வீட்டுக்காரர் மௌத்தாகிவிட்டால் அவர்தம் மக்கள், "வாப்பா வாங்கியது எங்களுக்குத் தெரியாது" என்று கைவிரித்தலும் கூடாது. கடன் தீர்ந்த பின்னரே சொத்துப் பங்கீடு என்பது திருமறையின் (4:11) முறை. முன்பணத்தைக் கழிக்காமல் பங்கிட்ட சொத்தில் ஓர் ஏழையின் உழைப்பும் கலந்திருக்கும்.

மக்காவைத் துறந்து வெளியேறிய அந்த ஆபத்தான வேளையிலும், தம்மிடம் இருந்த மக்காவாசிகளின் பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஊரே பகையாய் நின்றபோதும் அந்த ஊராரின் பொருள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. நம் வீட்டில் பல்லாண்டு குடியிருந்து, பெருநாளில் நம்மோடு முகமன் பரிமாறி, நல்லபடி விடைபெறுகின்றவரின் பொருள், அவர் நம் வாயிலுக்குப் பன்முறை நடக்கும் முன்னரே அவர் கை சேரவேண்டாமா?