நடுவே ஒரு தட்டு

களியக்காவிளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது எனக்கு எப்போதுமே பிடித்தமான காரியம். ஒரே நிலையத்தில் தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரளத்து பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கும். வாழைக்குலை இறக்குகிறவன் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பான். கேட்கிறவனுக்கு அது உறைப்பதே இல்லை. கொஞ்ச தூரம் போனால் வண்டிகளின் நம்பர் பலகையில் டி.என். 75 குறைந்து கே.எல். 19 பெருகும். எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று கால்களுக்குத் தெரியாது.

இந்த ஊரில் ஒரு மோட்டார் பட்டறையில் நின்றுகொண்டு நான் சொன்ன ஒரு சிறிய பொய்யைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாளாக நினைப்பு. பொய் சிறியதுதான். இரண்டே சொல். ஆனால் அது என்னை இவ்வளவு காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அளவை வைத்துப் பொய்யை எடைபோடக்கூடாது என்று தோன்றுகிறது.

என் அக்காளுக்கு ஒரே மகன். அத்தான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு படந்தாலுமூட்டில். பையன் அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படிப்பதை விட்டுவிட்டு ஒரு செல்போன் கடையில் சேர்ந்த நாளிலிருந்து தகப்பனுக்கும் மகனுக்கும் நேர்ப் பேச்சு நின்றுபோயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் இருவரும் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சை நான் எடுத்துக்கொண்டு போய் மறுபக்கத்தில் கொடுக்கவேண்டும். தாய்மாமனுக்கு நம் சமூகத்தில் எத்தனையோ கடமைகள். இதுவும் ஒன்று என்று நான் ஏற்றுக்கொண்டேன். கொடுக்கும்போது சொற்களைக் கொஞ்சம் இழைத்துக் கொடுப்பேன். "அந்தத் தடிப்பயலுக்கு எப்ப புத்தி வரும்?" என்று அத்தான் கேட்டால், "அப்பா உன்னைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்" என்று பையனிடம் சொல்வேன். இதை நான் ஒரு கலையாகவே கருதி உள்ளூரப் பெருமைப்பட்டதும் உண்டு.

வீட்டில் ஒரு மாருதி ஸ்விப்ட் வண்டி. அத்தானின் வண்டி; பையனும் ஓட்டுவான். அவனுக்குச் சிநேகிதன் ஒருவனிடமிருந்து நான்கு அலாய் வீல்கள் மலிவாகக் கிடைத்தன. ஒரு போர்டு வண்டியிலிருந்து கழற்றியவை. பார்க்க வெகு அழகு. அங்கேதான் சிக்கல். ஸ்விப்ட் வண்டியின் சக்கரத்துக்கு நான்கு போல்ட். அந்த நான்கும் 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் நிற்கின்றன. இந்தப் போர்டு வீல்களுக்கும் நான்கு துளைதான். ஆனால் வட்டம் 108. எட்டு மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு பென்சில் பருமன். அந்தப் பென்சில் பருமன் இடைவெளியில் ஆசை முட்டிக்கொண்டு நின்றது.

"அதுக்கு அடாப்டர் இருக்கு மாமா" என்றான் பையன். "களியக்காவிளையில ஒரு மேஸ்திரி போட்டுத் தருவாரு. நீங்க ஒருக்கா கூட வந்தா போதும்."

போனேன்.

மேஸ்திரிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். அவர் வீலைத் தொடவில்லை. முதலில் என்னிடம் பேசினார். விஷயம் தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சு.

"சாரே, வண்டிக்க பாரத்த நட்டு தாங்குதுன்னு எல்லாரும் நினைக்காங்க. நட்டு பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். வீலுக்க முகமும் ஹப்புக்க முகமும் ஒண்ணோட ஒண்ணு இறுகிக் கிடக்குல்லா, அந்தப் பிடிதான் பாரத்தச் சுமக்குது. நடுவுல ஒரு தட்டு வச்சா இறுகவேண்டிய முகம் ரெண்டு இல்ல, நாலாக்கும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்பேசர் என்பது வெறும் தட்டு. அதே துளைகள், வீலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும். அடாப்டர் துளை வட்டத்தையே மாற்றுகிற தட்டு. அதை முதலில் வண்டியின் ஹப்பில் நான்கு நட்டுப் போட்டு முறுக்கவேண்டும். பிறகு அந்தத் தட்டிலேயே பதித்திருக்கும் வேறு நான்கு போல்டில் வீலை மாட்டவேண்டும். தட்டு இருபது மில்லிமீட்டர் கனம் என்றால் சக்கரம் அவ்வளவு வெளியே போய் நிற்கும். கையை நீட்டி வாளியைத் தூக்குகிற கணக்குத்தான். நீட்ட நீட்டத் தோளுக்குப் பாரம். இங்கே தோள் என்பது உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பேரிங். ஹப்பின் நடுக்குமிழ் 54 மில்லிமீட்டர் சொச்சம், போர்டு வீலின் நடுத்துளை 63 சொச்சம். ஆகவே தட்டிலேயே இரண்டுக்கும் பொருத்தமாக மையம் கடைந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் இடைவெளிக்கு ஒரு மைய வளையம் போடவேண்டும். இரண்டும் இல்லையானால் சக்கரம் மையம் தவறி உட்கார்ந்து வண்டியை உதறும். பழைய போல்டின் முனை தட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வீல் முழுக்கப் படியாது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் முடித்தார்: "நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒருக்கா கொண்டாரணும். வீலக் கழத்தி உள்ள இருக்க நட்ட மறுபடி முறுக்கணும். வெளிய இருக்க நட்ட யாரு வேணும்னாலும் பாத்துக்கிடலாம். உள்ள இருக்கது கண்ணுக்குத் தெரியாது. என்னக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன். சர்க்காரு கேட்டாலும் பதில் சொல்லணும். வண்டி யாருக்கு? அவருக்குத் தெரியுமா?"

பையன் என் முகத்தைப் பார்த்தான்.

"தெரியும், சம்மதந்தான்" என்றேன்.

அன்று மாலை அத்தான் புது வீல்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "மாப்பிள, இது இந்த வண்டிக்குள்ளதுதானா?" என்று கேட்டார். "அதே அளவுதான் அத்தான், அப்படியே மாட்டினது" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அக்காள் முகத்தில் வெகு நாளைக்குப் பின் ஒரு நிம்மதி. அதைப் பார்த்து, நல்ல காரியம் செய்தோம் என்றே நினைத்தேன்.

நூறு கிலோமீட்டர் ஒரு வாரத்தில் ஓடிவிட்டது. பையன் எனக்குப் போன் செய்தான். "மாமா, மேஸ்திரி கொண்டாரச் சொன்னாரே, அப்பாகிட்ட என்ன சொல்லி எடுத்துட்டுப் போக?" நியாயமான கேள்வி. அப்படியே மாட்டிய வீலை எதற்காக மறுபடி கழற்றவேண்டும்? அத்தான் கணக்கு வாத்தியார். ஒரு வரி விட்டுப்போனால் கேட்பார். "பார்த்துக்கலாம், கொஞ்சம் போகட்டும்" என்றேன். பொய்யைப் பற்றி அன்று எனக்குத் தெரியாத ஒன்று இன்று தெரியும். சொல்வதோடு அது முடிவதில்லை; அதற்குப் பராமரிப்புச் செலவு உண்டு. என் பொய்யைப் பராமரிப்பதற்காக வண்டியின் பராமரிப்பை நிறுத்தி வைத்தேன்.

ஒரு மாசம் கழித்து அத்தான் கண் பரிசோதனைக்காகத் தனியே திருவனந்தபுரம் புறப்பட்டார். முப்பது கிலோமீட்டர் சொச்சம். நெய்யாற்றின்கரை தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தார். பதினாறு நட்டும் கல்லுப்போல இறுக்கமாக இருந்தன. ஏறி மறுபடி ஓட்டினார்; மறுபடி நடுக்கம். பாலராமபுரத்தில் நெசவுக் கடைகளுக்கு எதிரே ஒரு சிறு பட்டறையைக் கண்டு நிறுத்தினார். அங்கே ஒரு பையன் முன் இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே தட்டைப் பிடித்திருந்த நான்கு நட்டில் ஒன்று இல்லை. இன்னொன்றை விரலால் சுழற்ற முடிந்தது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அத்தான் பஸ்ஸில் திரும்பினார். நான் ஓடிப்போனேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களையும் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கோபிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தம் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நட்டெல்லாம் சரியா இருந்துது மாப்பிள" என்றார். "நான் முறுக்கிப் பாத்தேன். வண்டிக்குக் குத்தம் இல்ல; எனக்குக் கைதான் நடுங்குதுன்னு நினைச்சேன். கண்ணும் போச்சு, கையும் போச்சு, இனி வண்டி ஓட்டக்கூடாதுன்னு அந்த ரோட்டோரத்துலயே தீர்மானம் பண்ணிட்டேன்."

வீல் கழன்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பயம். அந்தப் பயம் சில நாளில் எனக்கு ஆறிவிட்டது. ஆறாதது இந்த வார்த்தைகள்தான். என் பொய் அவருடைய வண்டியை மட்டுமா ஆட்டியது? கண்ணால் பார்த்து, கையால் முறுக்கி, புத்தியால் யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் செய்த ஒவ்வொன்றும் சரி. முடிவு மட்டும் தப்பு. அவருக்குக் கொடுக்கப்பட்ட கணக்கில் ஒரு வரியை நான் மறைத்திருந்தேன். பொய் சொல்கிறவன் ஓர் உண்மையைத்தான் மறைக்கிறான் என்று நினைத்திருந்தேன். எதிராளி தம்மையே நம்பும் நம்பிக்கையையும் அவன் கழற்றி எடுத்துவிடுகிறான் என்பது எனக்குப் புதிய பாடம்.

இப்படியானால் நடுவே நிற்பதே பாவமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் அதைச் சொல்லவும் முடியாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீசுவரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்கள் பலியாயின. அவ்வளவு வேதனைக்குப் பின் விழுந்த கோடு அது. ஆனால் கோடு விழுந்த மறுநாளும் சந்தை கூடியது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இரண்டு பாஷையும் தெரிந்தவர்கள் நடுவே நின்று பேசினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த எல்லை வெறும் வேலியாக இருந்திருக்கும்.

வள்ளுவரும் தூதனுக்கு ஒரு தனி அதிகாரமே கொடுத்திருக்கிறார். வாய்மை அதிகாரத்திலோ பொய்க்கும் ஒரு சிறு சலுகை தந்திருக்கிறார். என்னைப் போன்றவர்கள் அந்தச் சலுகையைத்தான் அடிக்கடி ஞாபகம் வைத்திருப்போம். அவர் அதற்கு வைத்த நிபந்தனையை, விளையும் நன்மையில் குற்றம் ஏதும் இருக்கக்கூடாது என்ற கடினமான நிபந்தனையை, சௌகரியமாக மறந்துவிடுவோம். அக்காள் முகத்து நிம்மதியை நான் நன்மை என்று கணக்கெழுதினேன். அது உள்ளே நட்டுக் கழன்றுகொண்டிருந்த நிம்மதி.

ஜெர்மனி போன்ற தேசங்களில் இத்தகைய தட்டுகளைச் சோதித்து, இன்ன வண்டிக்கு இன்ன கனம் என்று சான்று கொடுத்து அனுமதிக்கிறார்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கண்டிப்பானது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு ஏற்பாட்டுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நடுவே ஒன்றை வைத்தால், வைத்திருக்கிறோம் என்பது அந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தட்டு இருப்பது குற்றமா இல்லையா என்பதைச் சட்டம் தேசத்துக்குத் தேசம் வேறுவிதமாகச் சொல்லலாம். தட்டை ஒளிப்பது எந்தத் தேசத்திலும் குற்றம்தான்.

அன்று திண்ணையிலேயே அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஸ்திரியிடம் சொன்னது, அவரிடம் சொன்னது, பையனுக்குப் போனில் சொன்னது, இத்தனை வருஷமாக இழைத்து இழைத்துக் கொடுத்த சொற்கள், எல்லாம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் என்னப் பத்திச் சொன்னதெல்லாம் அவன் சொன்னது இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மகன் தம்மை மதிக்கிறான் என்று அவர் நம்பியிருந்தாரே, அதில் எவ்வளவு மகனுடையது, எவ்வளவு என் கைவேலை என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேஸ்திரியையும் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "உங்க வாய நம்பியாக்கும் சாரே நான் கை வச்சேன்" என்று மட்டும் சொன்னார். பழைய வீல்களை மாட்டி, தட்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அது எனக்குத் திட்டைவிடக் கடினமாக இருந்தது.

வீட்டில் இப்போது நிலைமை முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று எழுத ஆசைதான். நிஜத்தில் கொஞ்ச நாள் மோசமாகத்தான் இருந்தது. இருவரும் நேருக்கு நேர் இரண்டு முறை சத்தம் போட்டுக்கொண்டார்கள், அக்காள் அழுதாள். போன மாசம் பையன் என்னிடம் வந்து, கடையை விட்டுவிட்டு எர்ணாகுளத்தில் வேலைக்குப் போகப்போவதாகவும், அதை அப்பாவிடம் நான் சொல்லவேண்டும் என்றும் கேட்டான். நாக்கு பழக்கத்தில் "சரி" என்று சொல்ல வந்தது.

மேஸ்திரி சொன்ன மைய வளையம் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. அது பாரம் சுமப்பதில்லை. வீல் நேராக உட்கார உதவும். பாரத்தை முகமும் முகமும் இறுகித்தான் சுமக்கவேண்டும்.

"நீயே சொல்லு மக்கா" என்றேன். "நான் பக்கத்துல இருக்கேன்."