கொஞ்சம் ஏறுநெற்றி

"கொஞ்சம் ஏறுநெற்றி விட்டுரலாம் சார். அப்பத்தான் யாருக்கும் சந்தேகம் வராது."

கையில் வெள்ளைப் பென்சிலோடு ஓர் இளைஞர் சொன்ன இந்த வாக்கியம் சில வாரங்களாக என்னைத் தூங்க விடவில்லை. சென்னையில் ஒரு முடி கிளினிக். வழுக்கையில் மயிர்க்கால் போலவே நுண்புள்ளிகளைக் குத்தி, ஒட்ட வெட்டிய தலையாகக் காட்டும் வேலைக்கு ஸ்கால்ப் மைக்ரோபிக்மென்டேஷன் என்று பெயர். சுருக்கமாக எஸ்எம்பி. விசாரிக்கத்தான் போனேன். அவர் என் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். கண்ணாடியில் தெரிந்தது கல்லூரி அடையாள அட்டையில் இருந்த நெற்றி. எனக்குப் பிடித்திருந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் கோட்டை உள்ளே ஏற்றி, நடுவில் சற்றுக் கோணலாக்கி மறுபடி வரைந்தார். அப்போதுதான் அதைச் சொன்னார்.

வழுக்கையை மறைக்கப் போன இடத்தில் எனக்குக் கொஞ்சம் வழுக்கை வரைந்து தருகிறார்கள்.

தொழில்முறையில் அவர் சொன்னது சரி. நாற்பது தாண்டிய ஆளுக்கு ஸ்கேல் வைத்து இழுத்தது போல முன்நெற்றி இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஓரத்தில் புள்ளிகள் தள்ளித்தள்ளி விழ வேண்டும், உள்ளே போகப்போக நெருங்க வேண்டும். எல்லாம் புரிகிறது. இருந்தும் அந்த 'கொஞ்சம்' உறுத்துகிறது.

மற்ற வழிகளைப் பார்க்காமல் இல்லை. மினாக்ஸிடில் தடவினேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து அது; சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி முளைத்ததால் தலைக்கு வந்து சேர்ந்தது. தடவுகிறவரை பலன், நிறுத்தினால் சில மாதங்களில் வந்ததும் போய்விடும். முடி நடுவதற்குப் பின்மண்டையிலிருந்து எடுக்க வேண்டும். என் பின்மண்டையும் அப்படியொன்றும் வசதியாக இல்லை. ஆண்களின் வழுக்கையை ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர் 1951-ல் வகைப்படுத்தினார், 1975-ல் நார்வுட் அதைத் திருத்தினார். மொத்தம் ஏழு படிகள். நான் ஆறில் இருக்கிறேன் என்றார் அந்த இளைஞர். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு வேகமாக வகுப்பு ஏறியதில்லை.

வீரியம் குறைந்தவனுக்குத்தான் முடி கொட்டும் என்று எங்கள் ஊர் சலூனில் ஒரு பேச்சு உண்டு. இதே ஹாமில்டன் கண்டது நேர்மாறு: பருவம் வருமுன் விதை எடுக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை. சலூனில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை.

ஊசி, மை என்றதும் ஆச்சியின் கை ஞாபகம் வந்துவிட்டது. முன்கையில் ஒரு கோலமும் அதற்குக் கீழே ஒரு தேளும் பச்சை குத்தியிருப்பாள். சிறு பெண்ணாக இருந்தபோது குறத்தி ஒருத்தி திண்ணையில் உட்கார்த்திவைத்துக் குத்தியதாம். வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாளாம். கூலி, நெல். மஞ்சளையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியில் பொதிந்து, திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரியை எடுத்துக் குழைப்பது அந்தக் கால முறை. தாய்ப்பாலில் குழைப்பதும் உண்டு. மை என்னவோ கறுப்புதான். ஆனால் தோலுக்கடியில் ஆழமாகக் கிடக்கும் கரி, வெளிச்சம் சிதறுவதால் நீலம் பாய்ந்து தெரியும். எனக்கு விவரம் தெரிந்தபோது தேளின் கொடுக்கு கலைந்து, தேளா நண்டா என்று சொல்ல முடியாத நிலை.

கிளினிக்கிலும் பயம் இதேதான். ஊசி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் மை பரவிப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும், தலை நீலம் பூக்கும். மேலோடு நின்றாலோ சீக்கிரம் போய்விடும். இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை உட்கார வேண்டும். சரியாகக் குத்தினாலும் சில வருடங்களில் வெளிறும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக; அப்புறம் மறுபடி ஊசி. மிச்சமிருக்கும் முடியைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஒட்ட வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முடி நரைக்கும். புள்ளி நரைக்காது.

"எதுக்கு ஆச்சி குத்துன?" என்று ஒருமுறை கேட்டேன். "கட்டையில வேகும்போதும் கூட வார நகை இது ஒண்ணுதாம்ல" என்றாள்.

ஆச்சியின் தேளைப் பார்த்து யாரும் நிஜத் தேள் என்று பயந்ததில்லை. பயப்பட வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை. என் தலையில் ஏறப்போவதோ, குத்தியது என்று எவருக்கும் தெரியக் கூடாத பச்சை. தெரிந்துவிட்டால் கொடுத்த பணம் வீண். அப்படியானால் இது பொய்யா? டை அடிக்கிறவரை நாம் பொய்யர் என்று சொல்வதில்லை. என் அப்பா ஞாயிறுதோறும் மீசைக்கு மை தீட்டியவர். அவரை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் யாரும் அதற்காகத் தயங்கவில்லை.

இன்னொன்று, ஊர்ப் பிரச்சினை. நம்மிடம் மழித்த தலைக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். "பழனியா, திருப்பதியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். மீசையும் சேர்ந்து போயிருந்தால் குரலைத் தாழ்த்தி "யாருக்கு என்னாச்சு?" என்பார்கள். வழுக்கையிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. நான் புள்ளி குத்திக்கொண்டு போனால், பத்து நாள் முன்பு முடி இறக்கியவனாகத் தெரிவேன். ஆறு மாதம் கழித்தும் அதே பத்து நாள் முடி. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி என் பக்தியை எத்தனை மாதம் நம்புவார்?

ஆனால் என் ஆசையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. முடி இறக்கியவன் தானாகக் கொடுத்தவன். என்னிடமிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். இந்தப் புள்ளிகளால் ஒரு மயிர்கூட முளைக்காது. நானாகத்தான் கொடுத்தேன் என்று பார்ப்பவர்கள் நினைக்க மட்டும் உதவும். அந்த நினைப்புக்கு இவ்வளவு செலவழிக்கலாமா?

ஜூலியஸ் சீசரைப் பற்றி சூட்டோனியஸ் எழுதியதை எப்போதோ நூலகத்தில் படித்தேன். பாதி மறந்துவிட்டது. பின்முடியை முன்னால் வாரிவிட்டு வழுக்கையை மூடப் பார்ப்பாராம். ரோமாபுரி அளித்த மரியாதைகளிலேயே, எப்போதும் வாகைமாலை சூடிக்கொள்ளலாம் என்ற உரிமையைத்தான் மிக ஆசையாகப் பயன்படுத்தினாராம். அதே புத்தகத்தில் இன்னொரு செய்தி: வெற்றி ஊர்வலத்தில் அவருடைய சொந்தப் படைவீரர்களே அவரது வழுக்கையைக் கிண்டலடித்துப் பாடிக்கொண்டு வந்தார்கள். தலைமேல் மாலை, காதில் பாட்டு. மறைத்தது யாரிடமிருந்து என்று எனக்கு விளங்கவில்லை. மாலையைச் சற்றுப் பின்தள்ளி வைத்து, கொஞ்சம் ஏறுநெற்றி விட்டுரலாம் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை போலிருக்கிறது.

ரஜினி வெளியே வழுக்கையோடுதானே வருகிறார் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அவர் ரஜினி. என்னைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

"எனக்காகன்னா வேண்டாங்க. உங்களுக்காகன்னா செஞ்சுக்கோங்க" என்றாள் மனைவி. நல்ல பதில்தான், ஆனால் அதில் பிடித்துக்கொள்ள இடமில்லை. தனியாக இருக்கும்போது எனக்கு என் தலை ஞாபகமே வருவதில்லை. எதிரில் பேசுகிறவரின் பார்வை என் கண்ணை விட்டு அரை நொடி மேலே போய்த் திரும்பும்போதுதான் வருகிறது. அந்த அரை நொடியை நிறுத்துவது எனக்காகவா, அவருக்காகவா? நாற்பது வயதுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

முன்பணம் கட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிளினிக்கிலிருந்து கூப்பிட்டால், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன், அது உண்மைதான். உங்களில் யாராவது எனக்கு முன்னால் போவதாக இருந்தால், நேற்றுக் குத்திய தலையின் போட்டோவைப் பார்த்து மயங்காதீர்கள். ஐந்து வருடம் வெயில் பட்ட ஒரு தலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.