வெற்று மாத்திரையின் அறம்

ஒரு மருந்து நோயைத் தீர்க்கிறதா என்று ஐயமற அறிய வேண்டுமானால், அம்மருந்து தேவைப்படும் சிலருக்கு அதைக் கொடுக்காமல் இருந்தாக வேண்டும் என்பது தற்கால மருத்துவ ஆய்வின் அடிப்படை விதி. துன்புறுபவனுக்கு உதவுவதையே அறம் என்று கொள்ளும் எந்தச் சமயத்துக்கும் இவ்விதி நெருடலாகவே படும். மது அருந்தாதவர்களுக்கு வரும் கல்லீரல் கொழுப்பு நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகள் இந்த நெருடலை வேறெந்த நோயைக் காட்டிலும் கூர்மையாக முன்வைக்கின்றன. காரணம், இந்நோய் மெல்ல வளர்வது, பலரிடம் தானே குறைவது, முற்றிய நிலையில் உயிரைக் கொள்வது. இம்மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த நோயில் கொடுப்பதும் கொடுக்காதிருப்பதும் உடனடியாகத் தம் விளைவைக் காட்டுவதில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில், அதிலும் லாரித் தொழிலால் வாழும் சங்ககிரி போன்ற ஊர்களில், வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று எழுதி வருவது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. கல்லீரல் அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு தங்கினால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படும். அக்கொழுப்போடு அழற்சியும் அணுச்சிதைவும் சேர்ந்தால் அது கொழுப்புசார் கல்லீரல் அழற்சி, அதாவது மருத்துவர்கள் ‘நாஷ்’ என்று சுருக்கிச் சொல்லும் நிலை. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து நார்த்திசு படர்ந்து கல்லீரல் இறுகிப் போனால் அது சிரோசிஸ். சர்க்கரை நோய், உடற்பருமன், நாள் முழுதும் அமர்ந்தே செய்யும் தொழில் ஆகியவை இதற்குத் துணைபுரிகின்றன. ஒரு சொட்டு மதுவும் தொடாத ஒருவர் இந்நோயால் வீட்டாரின் சந்தேகப் பார்வைக்கு ஆளாவதும் உண்டு. நோயை நோயாளியின் குற்றமாகக் காணும் பழக்கம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

அப்பழக்கத்துக்குச் சமயம் ஒரு பெயரும் தந்திருக்கிறது, அது வினை. ஆயினும் வினைக்கொள்கையைக் கைக்கொண்டு நோயைப் பொறுத்துக் கிடப்பதே முறை என்று சைவம் கூறவில்லை என்பதற்குச் சங்ககிரிக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. இன்று திருச்செங்கோடு என வழங்கும் கொடிமாடச்செங்குன்றூரில் திருஞானசம்பந்தர் தங்கியிருந்த குளிர்காலத்தில், உடன் வந்த அடியார்களைப் பனிச்சுரம் பற்றியதாகவும், அவர் திருநீலகண்டப் பதிகம் பாடியபின் அது நீங்கியதாகவும் சேக்கிழாரின் பெரியபுராணம் சொல்கிறது. இது முன்வினையின் பயன் என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாமல் இருப்பதே குறை என்பது அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. நோயுற்றவனைக் குற்றவாளியாக்கும் மனப்போக்குக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

ஆனால் சேக்கிழார் தரும் மற்றொரு செய்திதான் இங்கே மிகவும் கருதத்தக்கது. சுரம் நீங்கியது அடியார்களுக்கு மட்டுமன்று, அவ்வூராருக்கு மட்டுமன்று, அந்நாடு முழுவதற்குமே என்கிறார் அவர். அருளின் இயல்பு அது. அது எவரையும் ஒதுக்கி வைத்துச் சோதிப்பதில்லை. எல்லாருக்கும் கிடைத்த ஒன்றைப் பற்றி, அது கிடைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க எவரும் மிஞ்சுவதும் இல்லை. அடியாருக்கு அக்கேள்வியே எழாது. மருத்துவ ஆய்வாளரோ அக்கேள்வியின்றி ஓரடியும் எடுத்துவைக்க முடியாது. எல்லாருக்கும் கொடுப்பவர் அறிய முடியாது, அறிய விரும்புபவர் எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்னும் இந்த முரணே, மருந்தைப் போலவே தோன்றும் மருந்தற்ற வெற்று மாத்திரையின் பின்னுள்ள அறச்சிக்கல்.

இச்சிக்கலின் அறிவுப் பகுதி தமிழ்ச் சிந்தனைக்குப் புதிதன்று. உண்மையை அறிவதற்கான கருவிகளை அளவைகள் என்று பெயரிட்டு ஆராய்ந்த மரபு மணிமேகலையிலேயே காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பிறர் கூறிய அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. காண்டல் என்பது புலனால் நேரே அறிதல், கருதல் என்பது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகித்தறிதல், உரை என்பது ஆன்றோர் வாக்கால் அறிதல். ஊகித்தறிவதற்கு இரு வழிகளை அளவை நூலார் வகுத்தனர். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையில் போல என்பது அன்னுவயம், அதாவது உடன்பாட்டு வழி. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை, மடுவில் போல என்பது வெதிரேகம், அதாவது எதிர்மறை வழி. இவ்விரண்டில் எதிர்மறை வழியை மனித உடலில் நிகழ்த்திக் காட்டுவதே வெற்று மாத்திரை பெறும் குழு. மருந்தில்லாத இடத்தில் குணமும் இல்லையா என்பதை அக்குழுவே சொல்ல வேண்டும்.

பழைய அளவை நூல்கள் எடுத்துக்காட்டிய மடு, புகையற்றுக் கிடப்பதால் எந்த இழப்புக்கும் உள்ளாவதில்லை. கல்லீரலோ மடு அல்ல. மேலும், நெருப்புக்கும் புகைக்கும் உள்ள விலகாத தொடர்பு மருந்துக்கும் குணத்துக்கும் இடையே இல்லை. மருந்து உண்டும் குணமாகாதவர் உண்டு, உண்ணாமலே குணமானவரும் உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘பிவென்ஸ்’ என்னும் ஆய்வில், 247 பேர் வைட்டமின் ஈ, பயோகிளிட்டசோன், வெற்று மாத்திரை என மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். வைட்டமின் ஈ பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேரின் திசுவில் முன்னேற்றம் காணப்பட்டது, வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் 19 பேருக்கு அது காணப்பட்டது. அண்மையில் செமாகுளுட்டைடு என்னும் ஊசிமருந்தைக் கொண்டு நடந்த ஆய்வில், வெறும் ஊசி பெற்றவர்களிலேயே நூற்றுக்கு 34.3 பேரிடம் அழற்சி மறைந்தது; மருந்து பெற்றவர்களில் அது 62.9. ஒப்பிட ஆளில்லாமல் மருந்தை மட்டும் கொடுத்திருந்தால், அந்த 34 பேரின் நலனும் மருந்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இத்தகைய கணக்குப் பிழை நாட்டு மருத்துவத்துக்கும் புதிதன்று. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகம் முழுதும் உரையளவையாக நின்ற செய்தி. காமாலையில் பெருவாரியானது சில வாரங்களில் தானே தணியும் வகையாதலால், கீழாநெல்லி அரைத்துக் குடித்தவர் பிழைத்ததை மட்டும் கொண்டு அதன் ஆற்றலை முடிவு செய்ய இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராசனும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் பிறரும் சேர்ந்து கீழாநெல்லியையும், அக்கிருமியைச் சுமந்தவர்களிடம், எதிர்மறை வழியில் சோதித்தனர். 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அவ்வாய்வில், கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பின்னர் தாய்லாந்தில் நடந்த சோதனையில் அவ்விளைவு கிட்டவில்லை. உரையைச் சோதிப்பது உரையை இகழ்வதாகாது; பொருட்படுத்தத் தகாத உரையை எவரும் சோதிக்க முனைவதில்லை.

இனி அறப் பகுதி. கல்லீரல் அழற்சி ஆய்வில் சேரும் ஒருவர், மாத்திரை விழுங்குவதோடு விடப்படுவதில்லை. ஆய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் விலாவின் வழியே ஊசியைச் செலுத்திக் கல்லீரலின் சிறு துணுக்கை எடுக்கிறார்கள். பயாப்சி எனப்படும் இச்சோதனையில் வலியும் உண்டு, அரிதாகக் குருதிப்போக்கும் உண்டு. வெற்று மாத்திரை பெறுபவரும் அதே ஊசிக்கு இரு முறை உடம்பைக் கொடுக்கிறார். அவருக்கு மருந்தின் நன்மை இல்லை, துளையின் வலி மட்டும் உண்டு. அந்த வலியால் விளையும் அறிவோ பின்வரும் நோயாளிகளுக்குச் சேர்கிறது. இதைத் தானம் என்று சொல்லலாமா என்றால், தானம் செய்பவன் தான் கொடுப்பது இன்னது என்று அறிந்து கொடுப்பான். இவரோ தமக்கு வாய்த்தது மருந்தா மாவா என்பதை அறியாமலே கொடுக்கிறார். கொங்கு நாட்டில் சாமியின் முன் பூவாக்குக் கேட்பவர்கள் விடையைத் தம் கையிலிருந்து விலக்கித் தெய்வத்திடம் ஒப்படைப்பது போல, இங்கேயும் யாருக்கு மருந்து என்னும் தேர்வு மனிதர் கையிலிருந்து விலக்கப்பட்டுக் குலுக்கலிடம் விடப்படுகிறது. பூவாக்கின் பின்னே ஒரு திருவுளம் உண்டு, குலுக்கலின் பின்னே எவர் உள்ளமும் இல்லை என்பதே வேறுபாடு. எவர் உள்ளமும் இல்லாமையே அதன் நேர்மையும் ஆகும். பணக்காரருக்கு மருந்து, ஏழைக்கு மாவு என்று பிரிக்க அங்கே வழியில்லை. எனவே, அறியாமையை முன்னரே அறிந்து இசைந்தவர் செய்வது தானமே என்று கொள்வதில் தவறில்லை. அந்த இசைவு மெய்யானதாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கொடுக்காமல் இருப்பதை நியாயப்படுத்துவது ஒன்றே. மருந்து பயன் தருமா என்ற ஐயம் மருத்துவருக்கே உண்மையாக இருப்பது. ஐயம் தீர்ந்தபின் கொடுக்காதிருத்தல் ஆய்வாகாது, வஞ்சனையாகும். ஆயினும் ஐயம் ஒரே நாளில் முழுதாகத் தீர்வதில்லை. ரெஸ்மெட்டிரோம் என்னும் மாத்திரையை 966 பேரிடம் சோதித்த ஆய்வு, ஓராண்டு முடிவில் அதன் உயர்ந்த அளவைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 29.9 பேரிடம் அழற்சி நீங்கியதாகவும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9.7 பேரிடமே நீங்கியதாகவும் காட்டியது. அதைக் கொண்டு 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு விரைவு அனுமதி அளித்தது. ஆய்வோ 54 மாதங்களுக்குத் திட்டமிடப்பட்டது. திசு மாறுகிறதா என்ற ஐயம் ஓராண்டில் தீர்ந்தது; சிரோசிஸ் தடுக்கப்படுகிறதா, ஆயுள் நீள்கிறதா என்ற ஐயம் தீரவில்லை. இரண்டாம் ஐயத்தின் பொருட்டு, முதல் ஐயம் தீர்ந்தபின்னும் சிலர் வெற்று மாத்திரையிலேயே தொடர்வது முறையா? முதல் முடிவை அவர்களுக்கு அவர்கள் மொழியில் எடுத்துரைத்து, விலகுவோர்க்கு வழிவிட்டு, தங்குவோரிடம் மீண்டும் இசைவு பெற்றால் முறையே. முதல் நாள் இட்ட கையொப்பத்தையே காட்டி நிறுத்திவைத்தால் முறையன்று.

இக்கேள்வி அமெரிக்காவோடு நிற்பதில்லை. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சரோகிளிட்டசார் என்னும் மருந்து 2013இல் சர்க்கரை நோயாளிகளின் குருதிக் கொழுப்புக் கோளாறுக்கும், 2020 மார்ச்சில் சிரோசிஸ் எட்டாத கல்லீரல் அழற்சிக்கும் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதாவது ரெஸ்மெட்டிரோமுக்கு நான்காண்டுகள் முன்பே. அந்த அனுமதிக்கு முன் இந்நாட்டு நோயாளிகளும் வெற்று மாத்திரை விழுங்கினர். அவ்வாறு ஆய்வில் சேர்வோரைப் பாதுகாக்க 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் உள்ளன. ஆய்வால் விளையும் ஊறுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று கூறும் அவ்விதிகள், வழக்கமான சிகிச்சை இருந்தும் அது தரப்படாமல் வெற்று மருந்து கொடுக்கப்பட்டதால் நேரும் ஊறையும் அதில் சேர்த்துள்ளன. கொடுக்காமையும் ஒரு செயலே, அதற்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

அவ்விதிகளில் அதிகம் பேசப்படாத கூறு ஒன்றும் உண்டு. ஒவ்வோர் ஆய்வையும் முன்கூட்டியே பரிசீலிக்க வேண்டிய நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களுள் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவர், பெண் ஒருவர், சட்டம் அறிந்தவர் ஒருவர் ஆகியோரோடு, சமூக அறிவியலாளர், தொண்டு நிறுவனத்தார், மெய்யியலாளர், அறவியலாளர், சமய அறிஞர் போன்றோருள் ஒருவரும் இடம்பெற வேண்டும். ஊசிக்கு உடம்பைக் கொடுப்பவருக்குச் சொல்லப்படுவது அவருக்கு விளங்கும் தமிழில் இருக்கிறதா, ஐயம் இன்னும் மெய்யாகவே இருக்கிறதா என்று கேட்பதற்காக வைக்கப்பட்ட இருக்கை அது. அளவை நூல்களைக் கற்றவர்களும் திருமுறைகளில் தோய்ந்தவர்களும் கொங்கு நாட்டில் குறைவில்லை. கல்லூரித் தமிழ்த்துறைகளிலும் மடங்களிலும் உள்ள அத்தகையோர், சேலத்திலும் கோவையிலும் உள்ள மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்களில் அவ்விருக்கையைக் கேட்டுப் பெற முன்வர வேண்டும். அக்குழுக்களும் அவர்களைத் தேடி அழைக்க வேண்டும்.