வீட்டுச் சோதனை

தினசரியில் ‘வீட்டில் சோதனை’ என்று தலைப்பு வந்தால் போலீஸோ வருமானவரிக்காரர்களோ நுழைந்திருக்கிறார்கள் என்றுதான் நாம் படிக்கிறோம். ‘பரி’ என்று முன்னால் ஒட்டி அதை வைத்தியத்துக்கு உரியதாக்கினோம். பேச்சில் அந்த ஒட்டு உதிர்ந்துவிடுகிறது. ரத்தச் சோதனை, சோதனைக் காலம், கடவுளின் சோதனை எல்லாம் ஒரே சொல். இதை மொழியின் சோம்பல் என்று ஒதுக்க முடியவில்லை. ஒருவன் உடம்பைப் பற்றிய உண்மையை அவன் வீட்டுக்கே போய்ச் சில நிமிஷங்களில் சொல்லிவிடுவது இன்று சுலபம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். ஒரு பட்டையில் ஒரு கோடா, இரண்டு கோடா என்று பார்த்தால் போதும். இந்தச் சுலபத்துக்குள் இருக்கும் தார்மீகப் பிரச்னையைத்தான் இங்கு யோசிக்க விரும்புகிறேன்.

எழுதுகிற நமக்கு இதில் பிரச்னை இருப்பதாகவே தோன்றாமல் போகலாம். அறிதல் நல்லது என்பதை விவாதத்துக்கு அப்பால் வைத்துக்கொண்டுதான் கவிதையும் விமர்சனமும் எழுதி வருகிறோம். ஆனால் தன்னை அறிவதும் பிறரால் அறியப்படுவதும் ஒன்றல்ல.

அசோக் நகரில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவென்யூக்களின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து போன் செய்தால் காலையில் லாபிலிருந்து ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறார். முடிவு, கேட்டவரின் கைபேசிக்கு மட்டும் வருகிறது. ஒற்றை அறை வீடுகளுக்கு வேறு விதம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. கூலிக்குப் போகிறவளுக்கு ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு நாள் சம்பளம் போகாமல் மிச்சம். ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லப்படும் எண் எதிர்வீட்டுக்கும் கேட்கும். ஒரு வீட்டில் சோதனை வரவழைக்கப்படுகிறது. இன்னொரு வீட்டில் அது தானாக வந்து நிற்கிறது. ‘வீட்டிலேயே’ என்பதை அந்தரங்கத்துக்கு உத்தரவாதமாக நினைப்பவர்கள், கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறை உள்ள வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இந்த ஊருக்கு இதில் ஒரு சரித்திரம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-ல் இங்கு ஒரு காசநோய் மையத்தை அமைத்தன. நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஸானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை நெரிசலான அவரவர் வீட்டிலேயே விட்டு மாத்திரை கொடுத்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட வாழ்ந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. ஏழையின் வீடு வைத்தியத்துக்கு லாயக்கில்லை என்ற நினைப்பு அத்தோடு சரிந்தது. அதே மையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியதும், சிறுநீரில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்த்ததும் உண்டு. அந்தச் சோதனை நோயைப் பற்றியதல்ல, நோயாளியின் வார்த்தையைப் பற்றியது. மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் வீட்டை நம்பிய வைத்தியம் வீட்டில் இருந்தவனை நம்பவில்லை என்பது நினைவில் நிற்கிறது.

1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதும் இதே ஊரில்தான். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவர் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பாலியல் தொழிலுக்காகக் கைதாகி அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களின் ரத்தமும் அவற்றில் இருந்தது. எதற்காக எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. தேசம் விழித்துக்கொண்டது, பல உயிர்கள் அதனால் பிழைத்திருக்கும். விழிப்புக்குக் காரணமான ரத்தத்துக்கு உரியவர்கள், வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. சம்மதம் கேட்டே சோதிக்க வேண்டும் என்று சட்டம் இயற்ற 2017 வரை ஆயிற்று.

2020-ல் கொரோனா வந்தது. அசோக் நகர் அடங்கிய கோடம்பாக்கம் மண்டலம் சென்னையில் மிகவும் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. நோய் இருந்த வீடுகளின் வாசலில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. தகரத் தடுப்பும் அடிக்கப்பட்டது. உரிய அதிகாரியின் உத்தரவில்லாமல் இப்படி ஒட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் அந்த வருஷம் டிசம்பரில் சொன்னது. உடம்புக்குள் இருந்த செய்தி அதற்குள் கதவில் எழுதப்பட்டுத் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது. அடுத்த மே மாதம் 250 ரூபாய்க்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. தனியாகச் செய்துகொள்ளும் சோதனைதான். ஆனால் பட்டையைப் படம் பிடித்துச் செயலி வழியே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

பட்டை சொல்வது எப்போதும் உண்மையா என்பது இன்னொரு விஷயம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய். சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள பத்துப் பேரையும் அது பிடித்துவிடும். நோயில்லாத 990 பேரிலும் சுமார் பத்துப் பேரை நோயாளி என்று சொல்லும். இரண்டு கோடு தெரிந்த இருபது பேரில் பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை. இதை விளக்கி, மறுபடி ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அந்த மனிதர் இல்லை.

குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிப் பாட்டு வைத்தியத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். நான்காமவனைச் சேர்த்து எண்ணியதில்தான் அந்தப் பிரிவின் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பட்டை வைத்தியனின் வேலையில் ஒரு துண்டைச் செய்துவிடுகிறது. நான்காமவனின் வேலையில் ஒன்றைக்கூட அதனால் செய்ய முடியாது. மாத்திரையோடு வாசலுக்கு வரும் பெண் அந்த இடத்தை நிரப்பக்கூடியவள். சிக்கல் என்னவென்றால், அவள் அதே தெருக்காரி. கவனித்துக்கொள்ளும் உரிமையும் தெரிந்துகொள்ளும் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. அவளுடைய மௌனத்தை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது. அதற்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

தொற்றுநோயில் அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. நான் சிகிச்சை பெற வேண்டும், பரப்பாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அது. என் பெயரைக் கதவில் படிக்கும் உரிமை அதில் சேராது. சர்க்கரை போன்ற நோயில் அந்த முதல் உரிமையும் கிடையாது. அது முழுக்க என்னுடையது.

சோதனை என்பது ஒருவனிடம் கேட்கப்படும் கேள்வி. கூப்பிடாமல் வந்து கேட்பவருக்கு அதனாலேயே ஒரு கடன் ஏற்படுகிறது. பதில் மோசமாக இருந்தால் மருந்து வரும் வரை, மருந்து முடியும் வரை அவர் கூட இருந்தாக வேண்டும். ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால், அவருடைய ரேஷனுக்கோ வேலைக்கோ மரியாதைக்கோ பங்கம் வராமல் திரும்பிப் போகவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை வேகமான சோதனையும் தினசரித் தலைப்பின் அர்த்தத்தில்தான் சோதனை. இந்த இரண்டையும் எந்தப் பட்டையாலும் செய்து கொடுக்க முடியாது. அதைச் செய்ய வேண்டியவர்கள் சோதனையை அனுப்புகிறவர்கள். கேட்டு வாங்க வேண்டியவர்களில், காலையில் லாப் ஆளை வரவழைத்துக்கொள்ளும் நாமும் அடக்கம்.